ஏழு நாழிகை வழி

பாடம் 9 – உரைநடை

பாடத்திற்குள் செல்லும் முன்

உங்கள் சொந்த ஊர் இங்கிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது? விடையை ஒரே வரியில் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பாடத்தைத் தொடங்குக. எழுதியதை அழிக்க வேண்டா. பாடத்தின் முடிவில் அந்த வரி தேவைப்படும்.

பாடம்



சென்ற ஆண்டு எங்கள் டெல்லிப் பள்ளியின் தமிழ் வகுப்பில் தன்னறிமுகப் பயிற்சி நடந்தது. வெவ்வேறு பிரிவுகளிலிருந்து கடைசிப் பாடவேளையில் வந்து கூடும் 17 மாணவர்கள். நூலகத்தின் ஓரத்தில் இரண்டு நீள்மேசைகள். 'என் பெயர், என் வகுப்பு, என் சொந்த ஊர், அது இங்கிருந்து எவ்வளவு தொலைவு' என்று நான்கு வாக்கியங்கள் பேச வேண்டும். முதல் மூன்று வாக்கியங்களில் எவருக்கும் இடர்ப்பாடு இல்லை. நான்காவதில்தான் சண்டை மூண்டது.

"சென்னை இங்கிருந்து 2,180 கிலோமீட்டர்" என்றான், தந்தை இருப்புப்பாதைத் துறையில் பணியாற்றும் மாணவன் ஒருவன். "தவறு, 1,760 கிலோமீட்டர்" என்றாள் அவனுக்கு எதிரே அமர்ந்திருந்த மாணவி. இன்னொருத்தி, "எனக்குக் கிலோமீட்டர் தெரியாது அம்மா, 2 மணி 50 நிமிடம்" என்றாள். எல்லாரிலும் சிறியவன் கடைசியாக எழுந்து, "இரண்டு இரவு, ஒரு பகல்" என்று கூறி அமர்ந்துவிட்டான். அவன் வீட்டார் எப்போதும் தொடர்வண்டியில்தான் செல்வர். இரவில் டெல்லியில் ஏறி, மறுநாள் முழுவதும் சன்னலோரம் இருந்து, அதற்கும் மறுநாள் விடியலில் சென்னை சென்ட்ரலில் இறங்குவது அவர்கள் வழக்கம்.

நான்கு பேருள் எவர் சொன்னது சரி? நால்வர் சொன்னதும் சரியே என்று சொல்லி நான் அப்போதே முடித்திருக்கலாம். ஆனால் இந்த வினாவுக்குத் தவறான விடை சொன்னதால் ஒருமுறை நான் இழந்தது பெரிது. அதனால் இதை ஒரு பாடமாகவே எழுதுகிறேன். என் கதையைப் பிறகு கூறுகிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

தண்டவாளம் நேராகச் செல்வதில்லை. டெல்லியிலிருந்து புறப்படும் வண்டி ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், இட்டார்சி, நாகபுரி, பல்லார்ஷா, வாரங்கல், விசயவாடா என்று ஊர் ஊராகத் தொட்டு, பிறகு கடற்கரையை ஒட்டித் தெற்கே இறங்கிச் சென்னையை அடைகிறது. வழியில் விந்திய மலையும் சாத்பூரா மலையும் இருக்கின்றன. மலையைச் சுற்ற வேண்டும். ஆற்றைக் கடக்கத் தகுந்த இடம் தேட வேண்டும். பெரிய ஊர்களைத் தவிர்க்க முடியாது. ஆகவே 2,180 கி.மீ. தமிழ்நாடு விரைவு வண்டி இதைக் கடக்க ஏறத்தாழ 33 மணி நேரம் எடுத்துக்கொள்ளும்.

விமானத்திற்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை. இரு நகரங்களுக்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவை உங்கள் கணிதப் புத்தகத்தைக் கொண்டே நீங்கள் கண்டுபிடிக்கலாம். டெல்லி விமான நிலையம் வட அட்சம் 28.6 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 77.1 பாகையிலும் உள்ளது. சென்னை விமான நிலையம் வட அட்சம் 13.0 பாகையிலும் கிழக்குத் தீர்க்கம் 80.2 பாகையிலும் உள்ளது. இரண்டிற்கும் இடையே அட்ச வேறுபாடு 15.6 பாகை. ஒரு பாகை அட்சம் தரையில் ஏறத்தாழ 111 கி.மீ. ஆகும். ஆகவே தெற்கு நோக்கி 1,732 கி.மீ. தீர்க்க வேறுபாடு 3.1 பாகை. தீர்க்கக் கோடுகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல நெருங்கி வருபவை. நம் வழியின் நடுப்பகுதியில் ஒரு பாகைக்கு ஏறத்தாழ 104 கி.மீ. என்று கொள்ளலாம். ஆகவே கிழக்கு நோக்கி 322 கி.மீ. இவ்விரண்டும் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். பிதாகரசு தேற்றத்தின்படி கர்ணம் என்ன? 1,762 கி.மீ. வானூர்தித் துறையினர் கூறும் தொலைவு 1,760 கி.மீ. நம் வகுப்பறைக் கணக்கில் 2 கி.மீ. மட்டுமே பிழை!

பூமி உருண்டையாயிற்றே, செங்கோண முக்கோணம் எப்படிப் பொருந்தும் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல வினா. வடக்கு தெற்காகச் செல்லும் இத்தகைய குறுகிய வழிக்குப் பொருந்தும், நெடுந்தொலைவுக்குப் பொருந்தாது. ஒரு புவிக்கோளத்தை எடுத்து, பெங்களூரையும் அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோவையும் ஒரு நூலால் இறுக்கமாக இணைத்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தில் கிழக்கே பசிபிக் பெருங்கடலைக் கடந்து செல்ல வேண்டும் என்று தோன்றும் அவ்வழி, கோளத்தின்மேல் வட துருவத்தை ஒட்டிச் செல்வதைக் காண்பீர்கள். கோளத்தின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள இந்த மிகக் குறுகிய வழி 'பெருவட்ட' வழி எனப்படும். 2021 சனவரியில் சான் பிரான்சிசுகோவிலிருந்து பெங்களூருக்கு, விமானியர் அனைவரும் பெண்களாக அமைந்த ஏர் இந்தியா விமானம் ஒன்று வட துருவத்தின் மேலாகவே பறந்து வந்தது. ஏறத்தாழ 14,000 கி.மீ. தொலைவு அது.

நம் வழிக்குத் திரும்புவோம். இந்திய வரைபடத்தில் டெல்லியையும் சென்னையையும் அளவுகோலால் இணைத்து ஒரு கோடு இழுங்கள். அக்கோடு குவாலியரைத் தொடாமல் மேற்கே விலகி ஷிவ்புரியை ஒட்டிச் செல்லும்; நருமதையைக் கடந்து பச்மரி மலைப்பகுதிக்கு வரும்; பிறகு வார்தா, கரீம்நகர்; கிருஷ்ணையாற்றின் நாகார்ஜுன சாகர் அணைக்கு அருகே; முடிவில் நெல்லூர் மாவட்டம். சம்பல், நருமதை, கோதாவரி, கிருஷ்ணை, வடபெண்ணை என ஐந்து பெரிய ஆறுகளை அக்கோடு கடக்கிறது. உண்மையான விமானம் இக்கோட்டின்மேல் அப்படியே பறக்காது. வானத்திலும் குறிக்கப்பட்ட பாதைகளும் சந்திகளும் உண்டு. படைத்துறைக்கு ஒதுக்கப்பட்ட வான்பகுதிகளை விலக்கிச் செல்லவும் வேண்டும். எனினும் சன்னலோர இருக்கை கிடைத்தால், பகல் வெளிச்சத்தில் எந்த ஆறு எப்போது வரும் என்று இக்கோட்டைக் கொண்டு நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம்.

அக்கோட்டின் நடுப்புள்ளி எங்கே விழுகிறது தெரியுமா? அதையும் கணக்கிட்டோம். இரு அட்சங்களையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 20.8, தீர்க்கங்களை அவ்வாறே செய்தால் 78.65. வரைபடத்தில் அந்த இடத்தில் இருப்பது மராட்டிய மாநிலத்து வார்தா. காந்தியடிகளின் சேவாகிராம ஆசிரமம் இருப்பது அங்கேதான். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை நடத்தியதும் அங்கேதான். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து பணியாற்றிய தமிழர் ஒருவர், நம் வழியின் சரிபாதியில் இருந்திருக்கிறார். இந்தச் செய்தியைக் கணக்கு தானாகக் கொண்டுவந்து கொடுத்தபோது வகுப்பில் நான் உட்பட எல்லாரும் மகிழ்ந்தோம்.

நடுப்புள்ளிக்கு அருகில் உள்ள பெரிய நகரம் நாகபுரி. விமானம் என்பது தொடக்கத்தில் மனிதரைவிடக் கடிதங்களையே மிகுதியாகச் சுமந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அஞ்சல் பைகளுடன் ஒரு சிறு விமானத்தில் பம்பாய் வந்து சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக அவற்றைச் சென்னைக்குக் கொண்டு சென்றார். 1949-இல் இரவு அஞ்சல் விமானங்கள் தொடங்கப்பட்டபோது டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் புறப்பட்டவை நள்ளிரவில் நாகபுரியில் கூடின. அங்கே பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பின. டெல்லியில் மாலையில் அஞ்சலில் சேர்த்த கடிதம் மறுநாளே சென்னையில் இருக்கும். கைப்பேசி இல்லாத காலத்தில் இது எத்தகைய வியப்பு என்பதை உங்கள் பாட்டனார், பாட்டியாரிடம் கேட்டறிக.

இனி நேரத்திற்கு வருவோம். இங்கேதான் பலரும் ஏமாறுகின்றனர்.

நடுத்தர அளவுள்ள பயணியர் விமானம் ஒன்று உயரத்தில் பறக்கும்போது மணிக்கு ஏறத்தாழ 830 கி.மீ. வேகத்தில் செல்லும். 1,760-ஐ 830-ஆல் வகுத்தால் 2 மணி 7 நிமிடம் வருகிறது. ஆனால் பயணச்சீட்டில் 2 மணி 50 நிமிடம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. எஞ்சிய 43 நிமிடம் எங்கே போயிற்று?

பயணச்சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கொடுத்திருக்கும் கட்டைகளை எடுத்துவிட்டு அது நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, மறு நகரத்தில் நிறுத்துமிடத்தில் நின்று கட்டைகள் மீண்டும் வைக்கப்படும் நொடிவரை உள்ள நேரம் அது. டெல்லி போன்ற பெரிய நிலையத்தில் நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதைக்கு உருண்டு செல்லவே நெடுநேரம் ஆகும். அங்கே முன்னே நாலைந்து விமானங்கள் வரிசையில் நின்றால் இன்னும் தாமதம்.

மேலெழுந்த உடனே முழு வேகமும் வந்துவிடாது. 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது வேகத்திற்கு வரம்பு உண்டு. அது மணிக்கு ஏறத்தாழ 460 கி.மீ. மட்டுமே. அதன்பின் 35,000 அடி உயரத்தை, அதாவது ஏறத்தாழ 10.7 கி.மீ. உயரத்தை அடையும்வரை சிறிது சிறிதாகத்தான் வேகம் கூடும். இறங்குவதும் அப்படியே. சென்னைக்கு 200 கி.மீ. முன்னதாக, நெல்லூர் மாவட்டத்தின் மேல் வரும்போதே விமானம் தாழத் தொடங்குகிறது. காதடைப்பது போலத் தோன்றும் நேரம் அதுதான்.

இன்னொரு காரணத்தை நான் வெகு காலம் கவனிக்கவே இல்லை. சென்னை டெல்லிக்குத் தெற்கே இருக்கிறது. ஆனால் டெல்லியின் ஓடுபாதைகள் ஏறத்தாழக் கிழக்கு மேற்காக அமைந்தவை. எனவே சென்னை செல்லும் விமானம் தெற்கு நோக்கிக் கிளம்ப இயலாது. அன்றைய காற்றை எதிர்கொண்டு மேற்கு நோக்கியோ கிழக்கு நோக்கியோ எழுந்து, பிறகு திரும்ப வேண்டும். விமானம் எழுவதும் இறங்குவதும் காற்றுக்கு எதிராகவே என்பதை நினைவிற் கொள்க. சென்னையின் முதன்மை ஓடுபாதையும் வடக்கு தெற்காக இல்லை. ஆகவே வடக்கிலிருந்து வரும் விமானம் அங்கும் ஒரு வளைவு வளைந்துதான் இறங்க வேண்டும்.

காற்று மற்றொரு கணக்கையும் மாற்றுகிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக மிக வேகமான காற்று ஓடுகிறது. நம் வழி வடக்கு தெற்கு என்பதால் அது பக்கவாட்டில் தள்ளுமேயன்றிப் பெரிதும் முந்தச் செய்யாது, பின்தங்கவும் செய்யாது. ஆனால் குவாகாத்தியில் படிக்கும் நம் தோழர்கள் டெல்லி வந்து செல்வதை எண்ணிப் பாருங்கள். தொலைவு ஏறத்தாழ 1,460 கி.மீ. காற்றின் வேகம் மணிக்கு 150 கி.மீ. என்று கொண்டால், கிழக்கே செல்லும்போது தரைமேல் வேகம் 830 + 150 = 980; மேற்கே வரும்போது 830 – 150 = 680. உயரத்தில் பறக்கும் வேகத்தை மட்டும் கொண்டு வகுத்தால் போவதற்கு ஒன்றரை மணி நேரம், வருவதற்கு இரண்டு மணிக்கு மேல். அதே தொலைவு, அதே விமானம். போகும் வழியில் முடித்துவிடும் கதைப்புத்தகத்திற்கு வரும் வழியில் துணையாக இன்னொன்று தேவைப்படும்!

வானிலை கெட்டால் இக்கணக்குகள் எல்லாம் காற்றோடு போகும். டெல்லியில் டிசம்பர், சனவரி மாதங்களின் மூடுபனியை நீங்கள் அறிவீர்கள். பனியில் இறங்கத் தக்க கருவிகளும் அதற்கெனப் பயிற்சி பெற்ற விமானியரும் இருந்தால், ஓடுபாதையில் 50 மீட்டர் வரையே கண்ணுக்குப் புலப்படும்போதும் இங்கே தரையிறங்கலாம். அதற்கும் குறைந்தால் காத்திருக்க வேண்டும். அல்லது ஜெய்ப்பூர், இலக்னோ என்று வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்படும். சென்னைக்கு மழைதான் பகை. அங்கே இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின்மேல் பாலம் அமைத்து நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் வெள்ளம் பெருகி நிலையத்திற்குள் புகுந்தபோது சென்னை விமான நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமானத் தளத்திலிருந்து பயணியர் விமானங்கள் இயக்கப்பட்டன. அந்நாள்களில் டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே தொலைவு அதே 1,760 கி.மீ.தான். நேரத்தை மட்டும் எவராலும் சொல்ல இயலவில்லை.

இப்போது என் கதை.

என் சொந்த ஊர் சிதம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 200 கி.மீ. தெற்கே உள்ளது. என்னை வளர்த்தவர் என் தந்தையின் தாயார். எங்கள் பக்கத்தில் ஆயா என்போம். நான் டெல்லிக்கு மாறுதல் பெற்று வந்த இரண்டாம் ஆண்டு, ஒரு நவம்பர் மாதத்து விடியற்காலை 5 மணி 10 நிமிடத்திற்குச் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார். ஆயா இறந்துவிட்டார்.

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவர் கேட்டார்: "எத்தனை மணிக்கும்மா வந்து சேருவ? அதைப் பார்த்துத்தான் எடுக்கிற நேரத்தைச் சொல்லணும்."

நான் பயணச்சீட்டைத் தேடினேன். 10 மணி விமானத்தில் ஓர் இடம் கிடைத்தது. 2 மணி 50 நிமிடம். ஆக 12:50-க்குச் சென்னை. அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம் என்று மனத்திற்குள் வைத்துக்கொண்டேன். "மூணு மணிக்குள்ள வந்துடுவேன் சித்தப்பா" என்றேன். அவர் ஊராருக்கும் உறவினருக்கும் நான்கு மணி என்று சொல்லியனுப்பினார்.

விமானத்தின்மேல் குறையில்லை. அது சொன்ன நேரத்திற்கு எழுந்து, சொன்ன நேரத்திற்கு நின்றது. தவறு முழுவதும் என் கணக்கில் இருந்தது. விமானம் நின்றபின் கதவு திறந்து, பேருந்தில் ஏறி, வெளியே வந்து, கார் கிடைக்க 1:20 ஆகிவிட்டது. என் மனத்தில் இருந்த சாலையில் சுங்கச்சாவடி இல்லை, செங்கற்பட்டு நெரிசல் இல்லை, கடலூருக்குள் நுழையும் வளைவுகளும் இல்லை. உண்மையான சாலையில் அவை எல்லாம் இருந்தன. 3 மணிக்கு நான் திண்டிவனத்தைக்கூட எட்டவில்லை. சித்தப்பா மூன்று முறை அழைத்தார். நான்கு மணி ஐந்து ஆயிற்று. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். நவம்பரில் பொழுது விரைவாகவே சாயும்.

நான் தெருமுனையில் இறங்கியபோது மணி 6:20. பந்தல் இருந்தது. வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். சித்தப்பா தலையில் துண்டோடு திண்ணையில் அமர்ந்திருந்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "முன்னமே தெரிஞ்சிருந்தா காலையில வைக்கலாம்னு சொல்லியிருப்போம், கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

5:10 முதல் 6:20 வரை 13 மணி 10 நிமிடம். அதில் நான் வானத்தில் இருந்தது இரண்டு மணி 20 நிமிடம்தான். எஞ்சிய ஏறத்தாழ 11 மணி நேரத்தை நான் எண்ணவே இல்லை. உண்மை நேரத்தைச் சொல்லியிருந்தால் மறுநாள் காலை வரை காத்திருந்திருப்பார்கள். நானும் ஆயாவின் முகத்தைப் பார்த்திருப்பேன்.

ஆகவே 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று உங்களை எவரேனும் கேட்டால், வீட்டுக் கதவிலிருந்து வீட்டுக் கதவு வரை எண்ணிச் சொல்லுங்கள். உள்நாட்டுப் பயணங்களில் பெட்டிகளை ஒப்படைக்கும் முகப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்னதாகவே மூடப்படும். விமானத்திற்குச் செல்லும் வாயில் 25 நிமிடம் முன்னதாக மூடப்படும். வீட்டிலிருந்து நிலையத்திற்கு, நிலையத்திற்குள், விமானத்தில், பெட்டிக்காக நிற்பது, பிறகு சாலை, பிறகு ஊருக்குள் செல்லும் சிற்றுந்து. ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிக் கூட்ட வேண்டும்.

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தனர் என்று தோன்றுகிறது. அவர்கள் தொலைவைச் சொல்லக் கையாண்ட சொற்களைப் பாருங்கள். 'கூப்பிடு தூரம்' என்றனர்: ஒருவர் கூப்பிட்டால் மற்றவர் காதில் விழும் தொலைவு. 'நாழிகை வழி' என்றனர்: ஒரு நாழிகை நேரம் நடந்து கடக்கும் தொலைவு. 'காதம்' என்றனர், அது ஏறத்தாழப் பத்து மைல் என்பர். சாலையோரத்தில் நட்ட கல்லைக் கொண்டு 'நாலு கல் தொலைவு' என்றும் கூறினர். கூப்பிடுவதும் நடப்பதும் மனிதர் செய்பவை. நடப்பவர் வீட்டுப் படியிலிருந்து இறங்கும்போதே வழி தொடங்கிவிடும். இடையில் எந்தப் பகுதியும் கணக்கில் விடுபடாது.

ஒரு நாழிகை 24 நிமிடம். நாளொன்றுக்கு 60 நாழிகை. 7 நாழிகை என்பது 168 நிமிடம், அதாவது 2 மணி 48 நிமிடம். பயணச்சீட்டின்படி டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே ஏழு நாழிகை வழி! தொடர்வண்டியில் எண்பத்திரண்டரை நாழிகை. எங்கள் ஊர்த் திண்ணைக்கு அன்று நான் சென்ற வழி, ஏறத்தாழ 33 நாழிகை.

இலக்கணக் குறிப்பு

'டெல்லியிலிருந்து சென்னைக்குச் சென்றேன்' என்னும் தொடரைக் காண்க. 'இலிருந்து' என்பது ஐந்தாம் வேற்றுமையின் நீங்கற் பொருளைத் தருகிறது. ஓரிடத்தை விட்டு அகல்வதைக் காட்டுகிறது. 'கு' என்பது நான்காம் வேற்றுமை உருபு. சென்று சேரும் இடத்தைக் காட்டுகிறது. 'டெல்லியின் தெற்கு சென்னை' என்னும் தொடரிலும் ஐந்தாம் வேற்றுமையே உள்ளது. ஆனால் அங்கு எவரும் எங்கும் செல்லவில்லை. அஃது எல்லைப் பொருள். தொலைவைச் சொல்லும்போது, 'டெல்லிக்கும் சென்னைக்கும் இடையே' என இரு ஊர்களும் 'கு' உருபையே ஏற்கின்றன. பேச்சில் சிலர் 'டெல்லி டு சென்னை' என்கிறோம். எழுத்தில் உருபுகளைப் பயன்படுத்திப் பழகுக.

அருஞ்சொற்பொருள்

பாகை – கோணத்தின் அளவு. கர்ணம் – செங்கோணத்திற்கு எதிரே உள்ள பக்கம். சந்தி – வழிகள் கூடுமிடம். இடர்ப்பாடு – தொல்லை. கடிந்துகொள்ளுதல் – கண்டித்தல். எடுத்தல் (பாடத்தில் வந்த பொருள்) – இறந்தவரின் உடலை வீட்டிலிருந்து கொண்டு செல்லுதல்.

பயிற்சி

1. விமானப் பயணச்சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும் நேரம் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது? இரண்டு வாக்கியங்களில் எழுதுக.

2. சென்னை செல்லும் விமானம் டெல்லியிலிருந்து நேராகத் தெற்கு நோக்கிக் கிளம்ப இயலாதது ஏன்?

3. பின்வரும் தொடர்களில் வேற்றுமை உருபுகளை அடிக்கோடிட்டு, அவை எப்பொருளில் வந்தன எனக் குறிப்பிடுக: வார்தாவிலிருந்து கடிதம் வந்தது. நாகபுரியின் தென்மேற்கு வார்தா. பாட்டிக்கு மடல் எழுதினேன்.

4. பாடத்தில் சித்தப்பாவின் பேச்சு, பேச்சுவழக்கில் தரப்பட்டுள்ளது. அதை எழுத்து வழக்கில் மாற்றி எழுதுக. மாற்றியபின் இரண்டையும் உரக்கப் படித்து, எது அவர் குரலாக ஒலிக்கிறது என்று வகுப்பில் கலந்துரையாடுக.

5. வீட்டில் கேட்டறிந்து எழுதுக: உங்கள் பெற்றோர் முதன்முதலாக இந்நகரத்திற்கு வந்தபோது எந்த வழியாக, எத்தனை மணி நேரத்தில் வந்தனர்? வழியில் எங்கெங்கே காத்திருந்தனர்?

6. பாடத்தைத் தொடங்கும் முன் குறிப்பேட்டில் எழுதிய வரியை எடுத்துப் பாருங்கள். அதன் கீழே, இவ்வீட்டுக் கதவிலிருந்து உங்கள் ஊர் வீட்டின் கதவு வரை ஆகும் நேரத்தைப் பகுதி பகுதியாக எழுதிக் கூட்டுக. கிடைத்த விடையை நாழிகையாகவும் மாற்றுக. அன்று மாலையே ஊரில் உள்ளவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் கணக்கு சரிதானா என்று கேட்டு வருக. சாலையைப் பற்றி அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.